எனக்குச் சர்க்கரை

அந்தப் பார்லரில் சர்க்கரை என்றால் முடி எடுப்பது என்று அர்த்தம். டீயில் போடுவதைச் சீனி என்பார்கள். இந்தப் பிரிவினை எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. போன் எடுக்கிறவள் ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எதிரே ஒரே வார்த்தையில் வேலையை எழுதி வைப்பாள்: வாக்ஸ், த்ரெட், ஃபேஷியல், பெடி, சர்க்கரை. காலையில் கதவைத் திறந்ததும் அதைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"அக்கா, இன்னைக்கு உங்களுக்கு நாலு சர்க்கரை!"

தெருவில் போகிறவர்கள் காதில் விழுந்தால் நாலு ஸ்பூன் போட்டு டீ குடிக்கும் ஒரு பேராசைக்காரி உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

உள்ளே இருப்பவள் பாகு அக்கா. வயது நாற்பத்தொன்பது. பின்பக்க அறை அவளுடையது. ஒரு நீளக் கட்டில், கை கழுவும் தொட்டி, மின்சார அடுப்பு, அடிகனமான ஒரு பாத்திரம், பாகு ஊற்றி வைக்கும் டின், பவுடர், துவாலைகள். இவ்வளவையும் வைத்தபிறகு நடக்க மிஞ்சிய இடத்தில் குண்டாக இருப்பவர்கள் திரும்ப முடியாது. பாகு அக்கா கொஞ்சம் குண்டுதான். அதனால் அந்த அறையில் பக்கவாட்டில் நடந்து பழகியிருந்தாள்.

வேலை என்னவோ எளிதுதான். சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மூன்றே சாமான். தேன் நிறம் வரும்வரை காய்ச்ச வேண்டும். ஆறியதும் எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, வெளுக்கும்வரை கையில் இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும். பவுடர் போட்ட தோலில் முடி வளரும் திசைக்கு எதிராக அதைத் தேய்த்துப் பரப்பி, வளரும் திசையிலேயே வெடுக்கென்று சுண்டி எடுத்துவிட வேண்டும். துணிப்பட்டை கிடையாது. மிச்சம் ஒட்டினால் தண்ணீரே போதும். இதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் பாத்திரத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பாகு அக்காவிடம் வந்தார்கள்.

ஏனென்றால் எல்லாம் பதத்தில் இருக்கிறது. ஒரு மூச்சு முந்தினால் பாகு பிசுபிசுவென்று வழியும். ஒரு மூச்சு பிந்தினால் கல். சூடு கூடினால் தோல் போகும், குறைந்தால் முடி வராது. பாகு அக்கா கடிகாரம் பார்க்கமாட்டாள். முதலாளியம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டர், உறை பிரிக்காமல் இழுப்பறையில் கிடந்தது. "என் விரல் இருக்கும்போது இந்தக் குச்சி எதுக்கு மேடம்?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அந்த விரலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அதை அவள் கடையில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பாகு அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது மூக்கால். அதற்கு முன் பதினான்கு வருஷம் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் கொப்பரைக்கு முன்னால் நின்றவள். பாகு கொதிக்கும் சத்தத்தை வைத்தே இறக்கச் சொல்லுவாள். பிறகு இயந்திரம் வந்தது. கொப்பரைக்காரர்கள் எல்லோரையும் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். மிட்டாய்க்குக் காகிதம் சுற்றும் வேலை. "காகிதம் சுத்தவா நான் பொறந்தேன்?" என்று மூன்று மாதம் முணுமுணுத்தாள். நான்காவது மாதம் யாரிடமும் சண்டை போடாமல் விலகிவிட்டாள்.

விலகிய மறுவாரம் தெருவில் நடந்து போகும்போது சர்க்கரை தீய்கிற நாற்றம் மூக்கில் ஏறியது. சும்மா போயிருக்கலாம். போகமாட்டாளே! நாற்றம் வந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கண்ணாடி, நாற்காலி, தலையில் துவாலை கட்டிய நாலு பெண்கள். பின்னறையில் ஒரு அம்மாள் கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாக்ஸ் போட்டுத் தோல் தடித்த வாடிக்கையாளர்களுக்காகச் சர்க்கரை முறையைக் கற்றுக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். அது மூன்றாவது பாத்திரம்.

"பாகு முறியுதும்மா. அடுப்பைக் குறைங்க. கரண்டியை எடுங்க, கிண்டக்கூடாது."

"நீங்க யாரு?"

"அதை அப்புறம் சொல்றேன். முதல்ல அடுப்பைக் குறைங்க."

முதலாளியம்மா அன்று அடுப்பைக் குறைத்தவள்தான். பதினோரு வருஷமாக அந்த அடுப்பைத் தொடவில்லை.

பாகு தெரியும், முடி தெரியாது. எந்த இடத்தில் எந்தத் திசையில் வளர்கிறது, தோலை எங்கே இழுத்துப் பிடிப்பது, எப்படிச் சுண்டினால் வலி குறையும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு கால் வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு கால் சும்மா இருந்தது. அவள் புருஷன் தையற்காரர். மெஷினை மிதிக்கும் நேரம் போக மீதி நேரம் கால் அவருக்குத் தேவைப்படாது என்று இவளே முடிவு செய்துகொண்டாள். முழங்காலுக்குக் கீழே பாதிவரை எடுத்ததும் மனிதர் எழுந்து ஓடிவிட்டார். அப்புறம் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளும் முழுக்கால் சட்டைதான். கேட்டவர்களிடம் கொசு என்று சொன்னார்.

அந்த முதல் வருஷத்திலேயே அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. வாக்ஸுக்கு அழுத பெண்கள் இவளிடம் தூங்கினார்கள். "எனக்கு இந்தப் பூசி மெழுகற வேலையே பிடிக்காது" என்று வாக்ஸைப் பற்றிச் சொல்லித் தானே சிரிப்பாள். நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். எல்லோரும் நூறு தடவையும் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள், நோட்டு எழுதும் பெண். அவள் முதலாளியம்மாவின் நாத்தனார். கடையில் எல்லோருக்கும் அவள் நாத்தனார்தான், சொந்தப் பெயரை மறந்தே போனார்கள். வாக்ஸ் போடுவது அவள். போன் மணி அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுப்பதும் அவளே. அவளுக்கும் பாகு அக்காவுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஒரே கடையில் இரண்டு பேர் முடி எடுத்தால் எவ்வளவு பிரியம் இருக்குமோ அவ்வளவு இருந்தது.

போன வருஷம் ஒரு நாள் பாகு அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். புருஷன் அவள் காலைப் பார்த்தார்.

"ஒரு செருப்பு எங்கே?"

குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள், தெரியவில்லை. உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் காய்ந்திருந்தது. அதுவும் தெரியவில்லை.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு."

"நாள் முழுக்க என் கையிலதானே இருக்கு டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரொம்ப நாளாக இருந்திருக்கும், நரம்பைத் தொட்டுவிட்டது, முதலில் கால், பிறகு விரல் என்றார். மாத்திரை எழுதினார். மெல்லிய நூல் மாதிரி ஒன்றை எடுத்து அவள் விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இடது கையில் அரைகுறையாகத் தெரிந்தது. வலது கையில் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் தெரியவில்லை. அவள் "தெரியுது" என்றாள். டாக்டர் அப்போது தொடவே இல்லை. சும்மா கேட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அழுதாள். சாப்பாட்டில் இனிப்பைக் குறைக்க வேண்டுமே என்று இல்லை, மாத்திரைக்காகவும் இல்லை. விரல் போனால் தன்னைக் கடையில் எங்கே உட்கார வைப்பார்கள் என்று நினைத்து அழுதாள். துவாலை மடிக்கச் சொல்வார்கள். மறுபடியும் காகிதம் சுற்றுகிற வேலை. இந்த வயதில் அது வேண்டாம்.

"சொல்லிடு" என்றார் புருஷன்.

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் விரலுக்குத் தொப்பி மாட்டிக்கிட்டுத்தானே ஊசி பிடிக்கறேன். அதுக்காக என்னை யாரு தையற்காரன் இல்லேன்னு சொன்னா?"

"ஊசி குத்தினா உங்களுக்கு. பாகு சுட்டா அடுத்தவங்களுக்கு."

இப்படிச் சரியாகப் பேசுகிறவள் சரியாக நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. பூசி மெழுகுவது பிடிக்காது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் விஷயத்தை நன்றாகப் பூசி மெழுகினாள். ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். பாகு உருண்டையை யாரும் பார்க்காத நேரத்தில் மேலுதட்டில் ஒரு தொடு தொட்டுப் பார்ப்பாள். உதட்டுக்குச் சூடு நன்றாகத் தெரிந்தது. அது தவறினாலும் வாடிக்கையாளரின் வாய் இருந்தது. சூடாக இருந்தால் யாராயிருந்தாலும் "ஸ்ஸ்" என்பார்கள். அந்த "ஸ்ஸ்"ஸில் தன் விரல்களை அடகு வைத்து ஏழு மாதம் ஓட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைத் தன் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை நோட்டில் இப்படி எழுதியிருந்தது: டீச்சர், கால், சர்க்கரை, பதினொரு மணி.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. பார்லருக்குள் அதற்கு முன் காலெடுத்து வைத்ததில்லை. முழங்கால் வலியில் குனிந்து நகம் வெட்ட முடியாமல் போனதால் போன் செய்திருந்தார். நகம் வெட்டிப் பாதத்தைச் சுத்தம் செய்வதற்குப் பெடிக்யூர் என்று ஒரு வார்த்தை இருப்பது அவருக்குத் தெரியாது. "காலைச் சுத்தம் பண்ணிக்கணும்மா, குனிய முடியலை. எனக்குச் சர்க்கரை. பார்த்துப் பண்ணணும்" என்று சொல்லியிருக்கிறார். பார்லர் பாஷையில் காலைச் சுத்தம் பண்ணுவது என்றால் முடி எடுப்பது. அதோடு சர்க்கரை என்றும் கேட்டால் நாத்தனார் வேறு என்ன எழுதுவாள்?

பாகு அக்கா அவரைக் கட்டிலில் படுக்க வைத்தாள். காலில் முடி அதிகமில்லை. அங்கங்கே நாலு இழை. இதற்கா வந்தார் என்று தோன்றியது. அவரவர் ஆசை அவரவருக்கு என்று விட்டுவிட்டாள்.

டீச்சர் டின்னை எட்டிப் பார்த்தார். "இது என்னம்மா?"

"சர்க்கரைதான் டீச்சர்."

"ஓ, சர்க்கரைக்குன்னே தனியா வச்சிருக்கீங்களா?"

"ஆமா டீச்சர். இங்க சர்க்கரைக்கு நான்தான். பதினோரு வருஷமா பார்க்கறேன்."

"அப்பாடா. எங்க போனாலும் பயமா இருக்கு. தெரிஞ்சவங்க கையில காலைக் கொடுத்தாத்தான் நிம்மதி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டதாக நினைத்துச் சிரித்தார்கள்.

அன்று காலை பழைய பாகு தீர்ந்துபோய்ப் புதிதாகக் காய்ச்சியிருந்தாள். டின்னில் மேலாக ஆறியிருந்தது, உள்ளே ஆறவில்லை. பாகு அக்கா அடியிலிருந்து ஒரு உருண்டை தோண்டி எடுத்தாள். உதட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் வாயில் எதையாவது போட்டு மெல்லும் பிள்ளையைப் பார்ப்பது போன்ற பார்வை. பாகு அக்காவுக்குக் கூச்சமாகப் போயிற்று. கை கீழே இறங்கிவிட்டது. சூடாக இருந்தால் சொல்லத்தானே போகிறார் என்று நினைத்தாள்.

முழங்காலுக்குக் கீழே வைத்துத் தேய்த்தாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. தன் பழைய பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சுண்டு, இரண்டு சுண்டு. கணுக்காலுக்கு மேலே அழுத்தித் தேய்க்கும்போதும் டீச்சர் தலைமை ஆசிரியரை விடவில்லை. பாகு அக்கா அடுத்த இடத்துக்குப் போகத் தோலை இழுத்துப் பிடித்தாள். முன்னால் வைத்த இடம் சிவந்திருந்தது. முடி எடுத்தால் வரும் சிவப்பு அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. நடுவில் தோல் பளபளவென்று எழும்பிக்கொண்டிருந்தது.

"டீச்சர், சுடலையா?"

"சுடுதா?" என்று டீச்சர் தலையைத் தூக்கினார். "எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒண்ணும் தெரியாதேம்மா. எனக்குச் சர்க்கரை இல்லையா. அதான் போன்லயே சொன்னேனே."

பாகு அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு மட்டும் அந்த வாக்கியம் முழுதாகப் புரிந்தது. ஒரு நொடிதான். பிறகு டீச்சரை எழுப்பி உட்கார வைத்து, கைத்தாங்கலாகக் குளியலறைக்கு நடத்திக்கொண்டு போய், காலைக் குழாய்க்கு அடியில் நீட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டாள். "மேடம்!" என்று கத்தினாள். அவள் கத்தி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை.

முதலாளியம்மா ஓடி வந்தாள், பின்னாலேயே நாத்தனார். நடந்ததைக் கேட்டதும் முதலாளியம்மாவுக்கு முகம் வெளுத்தது. சர்க்கரை நோயாளி காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மாமனாருக்கு ஒரு கால்விரலில் தொடங்கியது முழங்காலில் போய்த்தான் நின்றது. அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நாத்தனார் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"என்ன எழுதியிருக்கே பாரு! அவங்க சொன்னது என்ன, நீ எழுதினது என்ன? ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கக்கூடாதா?"

நாத்தனார் நோட்டைப் பார்த்தாள். கண்ணிலிருந்து கொட்டியது. "சர்க்கரைன்னு சொன்னாங்க அண்ணி... நான் எப்பவும் எழுதறதுதானே..."

பாகு அக்கா தரையில் உட்கார்ந்து டீச்சரின் காலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தாள். குற்றவாளி கிடைத்துவிட்டாள். நோட்டில் எழுத்தில் இருக்கிறது. இவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. பேசாமல் காலைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். நாளைக்கும் இந்த அறை, இந்த அடுப்பு, இந்தப் பெயர் எல்லாம் அவளுக்கு இருக்கும். பேசாமல்தான் இருந்தாள். ஒரு பாத்திரம் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஓடும்வரை பேசாமல் இருந்தாள்.

"அவளைத் திட்டாதீங்க மேடம். நோட்டுல தப்பு இருக்கலாம். சுட்டது நோட்டு இல்லை. நான்."

"உனக்கு எப்படித் தெரியும் அக்கா? சுடுதுன்னு அவங்கதான் சொல்லலையே."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மேடம். அவங்களுக்கு முன்னாடி என் கையிலதானே இருந்துச்சு." மூச்சு விட்டாள். "எனக்குச் சர்க்கரை."

முதலாளியம்மா புரியாமல் பார்த்தாள். "ஆமா, உனக்குச் சர்க்கரை, அவளுக்கு வாக்ஸ். அதுக்கு என்ன இப்போ?"

பாகு அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினாள். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது. டீச்சர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். நகம் வெட்டக் குனிய முடியாதவர், இதற்குக் குனிந்தார்.

"உங்களுக்குமா? எத்தனை வருஷமா?"

"தெரிஞ்சு ஏழு மாசம் டீச்சர்."

"வலிக்கலை?"

"இல்லை டீச்சர்."

"எனக்கும் வலிக்கலை" என்றார் டீச்சர்.

வண்டி பிடித்து டீச்சரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பாகு அக்காவும் கூடவே போனாள். டாக்டர் முதலில் காலைப் பார்த்தார், பிறகு விரலைப் பார்த்தார், பிறகு இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டினார். டீச்சரைத் திட்டி ரொம்ப நாளாகியிருக்கும், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. ஐந்து வாரமும் பாகு அக்கா கடைக்குப் போகவில்லை. தினமும் டீச்சர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றும் நர்ஸுக்குப் பக்கத்தில் நின்று காலைப் பார்த்துவிட்டு வந்தாள். முதல் வாரம் டீச்சரின் மகன் கதவைப் பாதிதான் திறந்தான். அவனிடம் கோபித்துக்கொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் முழுதாகத் திறந்தான். ஒரு தடவை புண்ணின் ஓரம் கறுத்தது போல இருந்ததென்று அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. நல்லவேளை, அது மருந்தின் கறை. ஐந்தாவது வாரம் கட்டுப் போடத் தேவையில்லை என்று நர்ஸ் சொன்னதும் அவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் அவள் கையில் நகவெட்டியைக் கொடுத்தார். "வந்த வேலையை யாராவது முடிச்சுத் தாங்க. இன்னும் நகம் அப்படியேதான் இருக்கு." பாகு அக்கா வெட்டவில்லை. நர்ஸை வெட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

கடைக்குப் போனது துவாலை மடிக்கத்தான். அவளே அப்படி முடிவு செய்துகொண்டு போனாள். போனால் நாத்தனார் பின்னறையில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வாரமாக அவள்தான் சர்க்கரையையும் பார்த்திருக்கிறாள். நாலு பாத்திரம் கருகியிருந்தது. முன்பதிவு நோட்டில் "சர்க்கரை" என்ற வார்த்தையே இல்லை. எல்லா இடத்திலும் "பாகு" என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: நோய் உண்டா, கேட்டாச்சா. தெர்மாமீட்டரின் உறை பிரிந்திருந்தது.

"கண்ணு இருக்கில்ல அக்கா? காய்ச்சறது நீங்க. குச்சி சூட்டைச் சொல்லும்" என்றாள் நாத்தனார்.

"குச்சி டின்னோட சூட்டைத்தான் சொல்லும். கையில எடுத்துப் பிசைஞ்ச பிறகு உருண்டையோட சூட்டை யாரு சொல்றது? உதட்டுல தொட்டுப் பார்த்ததை இனி யார் மேலயும் வைக்கமாட்டேன்."

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

"வைங்க."

பாகு அக்கா தயங்கினாள். நோட்டு எழுதிய அந்தக் கையைத்தான் ஐந்து வாரத்துக்கு முன் மாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தாள். அது நாத்தனாருக்குத் தெரியாது. ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உருண்டையை அந்த மணிக்கட்டில் வைத்தாள்.

இப்போதும் தினமும் அப்படித்தான். ஒவ்வொரு காலுக்கும் முன்னால் அவள் பின்னறைக் கதவைத் திறந்து கூப்பிடுவாள். நாத்தனார் வாக்ஸை அப்படியே விட்டுவிட்டு வந்து கையை நீட்டுவாள்.

"சுடுதா?"

"இருங்க... கொஞ்சம். இன்னும் கொஞ்சம் பிசைங்க."

பாகு அக்கா பிசைவாள். முப்பது அடி தூரத்திலிருந்து வாசனையை வைத்துப் பதம் சொன்னவள், இப்போது மறுபடியும் உருண்டையை வைத்துவிட்டு, நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் "சரி" என்று சொன்ன பிறகுதான் கட்டில் பக்கம் திரும்புவாள்.